இடுமருந்தும் குதிரைவாலிக் கஞ்சியும்

உத்தரகோசமங்கைக்குத் தெற்கே, கண்மாயை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் இருந்த உமையாளுக்கு இரண்டு அடுப்பு. வீட்டுக்குள் இருந்தது புருஷன் பொன்னுச்சாமிக்கு. கொல்லையில், மாட்டுத்தொழுவத்துப் பக்கம் இருந்தது அவளுக்கு. உள்ளே பரமக்குடி மில்லில் தீட்டி வந்த அரிசி பொலபொலவென்று வெந்து இறங்கும். வெளியே குதிரைவாலி, கேப்பை, கம்பு என்று அந்தந்த வெள்ளாமையில் எது அகப்பட்டதோ அது. இரண்டையும் அவளேதான் பொங்கினாள். அவனுக்குரியதை இலை போட்டு வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் கொல்லைக்குப் போய்விடுவாள்.

இந்த ஏற்பாடு தொடங்கியது மகள் சேதுலட்சுமியின் நிச்சயதார்த்தத்தன்று. வெள்ளைக்காரன் போன மறு வருஷம் அது. பரமக்குடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விடிந்ததிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் வேலை பார்த்த உமையாள், பந்தி முடிகிற நேரத்தில் கொல்லைக் கதவோரம் குந்தி, கேப்பைக் கூழைக் கரைத்துக் குடித்தாள். கை கழுவ வந்த சம்பந்தியம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "என்ன மதினி, வீட்டுல அரிசி இல்லையாக்கும்?" என்று சிரித்தாள். அவள் பின்னாலேயே வந்த பொன்னுச்சாமி கூழ்க் கலயத்தை எட்டி உதைத்தான். புதுச்சேலை முழுக்கக் கூழ் வழிந்தது.

"பஞ்சத்துல அடிபட்ட குடும்பத்துல பொண்ணெடுத்தா இப்பிடித்தான். இனிமே என் வீட்டுக்குள்ள கூழுச்சட்டி ஏறுச்சு, ஒன்னையும் சேத்து வெளிய வீசிருவேன்."

மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உமையாள் சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். கல்யாணம் முடிகிறவரை வாயைத் திறக்கவில்லை. முடிந்ததும் மண் குழைத்துக் கொல்லையில் அடுப்புப் போட்டாள்.

அதற்கப்புறம் அவன் கேட்டதை மட்டுமே கொடுத்தாள். வெள்ளைச் சோறு, ரசம், சுட்ட அப்பளம், எப்போதாவது கருவாடு. முருங்கைக்கீரையை ஆடு தின்கிற தழை என்பான். கொள்ளு என்றால் குதிரைத் தீனி. சரி என்று இரண்டையும் அவன் இலையிலிருந்து நிறுத்தினாள். மில்லில் பிரிந்த தவிட்டை மாடுகளுக்குக் காட்டினாள். கேட்டதில் குறை வைக்கவில்லை. கேட்காததில் ஒரு பருக்கைகூட வைக்கவில்லை. அதில் அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது.

மகள் புருஷன் வீட்டுக்குப் போனபின் பொன்னுச்சாமிக்குக் குடி அதிகமானது. மதுவிலக்கு அமலில் இருந்ததால் சாராயம் மறைவாகத்தான் வரும். கருவேலங்காட்டுக்குள் காய்ச்சுகிறவர்களுக்கு அவன் நல்ல வாடிக்கை. குடித்துவிட்டு வந்தால் சோறும் பாதிதான் இறங்கும். மீதியை இலையோடு சுருட்டி முற்றத்தில் வீசுவான்.

அறுபதைத் தாண்டியபோது அவன் உடம்பு இறங்க ஆரம்பித்தது. முதலில் கெண்டைக்கால். படுத்திருக்கிறவன் திடீரென்று காலைப் பிடித்துக்கொண்டு அலறுவான். சதை கல்லாகச் சுருண்டு நிற்கும். பிறகு கை. காப்பி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மார்பில் சிந்தும். மிளகாய் வற்றல் விற்றுக் கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா தன்னால் துள்ளியது. வியாபாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு மசிப்பெட்டியை நகர்த்தி, "கைநாட்டே வைங்க, போதும்" என்றான். கதவு சாத்துகிற சத்தத்துக்குக்கூடத் தூக்கிவாரிப் போடும். தூக்கம் கிடையாது. நெஞ்சு படபடக்கிறது என்பான். ஏற்கெனவே கோபக்காரன், இப்போது தொட்டதற்கெல்லாம் சீறினான்.

உமையாளுக்கும் அவனைவிட நாலைந்து வயதுதான் குறைவு. ஊருணியிலிருந்து இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் கொண்டுவருவாள். உரலில் குதிரைவாலி குத்துவாள். கண்மாய்க் கரையில் ஒருநாள் யாரோ அவனிடம் விளையாட்டாக, "என்ன மாமா, அத்தையைப் பாத்தா ஒங்க மக மாதிரி இருக்காக?" என்றார்கள். அன்று வீட்டுக்கு வந்தவன் கண்ணில் பட்ட அவளுடைய உலக்கையை எடுத்துக் கிணற்றில் போட்டான். அவள் பாதாளக் கரண்டி விட்டு அதை எடுத்துக் கழுவி, அவன் பார்க்கிற மாதிரி வாசலிலேயே சாத்தி வைத்தாள்.

அவள் திடகாத்திரமாக இருப்பது தனக்குச் செய்கிற துரோகம் என்றே அவனுக்குப் பட்டது. அந்தச் சமயம் பார்த்து வந்தான் தங்கை புருஷன் வீரையா. பொன்னுச்சாமியின் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு பேசி, உழுகிறவன். நிலம் ஒருநாள் தன் பக்கம் சாயும் என்று காத்திருப்பவன்.

"மச்சான், நான் சொல்றேன்னு நெனைக்காதீக. ஒரே வீடு, ஒரே தண்ணி. அவுக மட்டும் குத்துக்கல்லாட்டம் இருக்காக, நீங்க உருகிப் போறீக. ஒங்க சட்டியில அவுக ஒரு வாய் தின்னு பாத்திருக்கீகளா?"

பொன்னுச்சாமி யோசித்தான். பார்த்ததே இல்லை.

"இடுமருந்து வச்சிருக்காக மச்சான். சோத்துல வச்சா அது வயித்துல ஒட்டிக்கிட்டு ஆளைக் கொஞ்சங் கொஞ்சமா உருக்கிரும். கடலோரத்துல மருந்து எடுக்கிற ஆளு ஒருத்தன் இருக்கான். வாங்க, போவோம்."

போனார்கள். அந்த ஆள் பொன்னுச்சாமியைக் கிடத்தி, வயிற்றில் பித்தளைக் குழல் ஒன்றை வைத்து வாயால் உறிஞ்சினான். இருமி இருமி இலையில் ஒன்றைத் துப்பினான். நெல்லிக்காய் அளவுக் கறுப்பு உருண்டை, மேலே மயிர் சுற்றியிருந்தது. உள்ளே இன்னும் மிச்சம் ஒட்டியிருக்கிறது, அதைப் பேதியாகப் போக்க வேண்டும் என்று சொல்லி, நேர்வாளம் சேர்த்த குளிகைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தான்.

ஊர் திரும்பியதும் பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம் கூட்டினார்கள். ஊர்த் தலைமையான அம்பலம் நடுவில் உட்கார்ந்திருந்தார். வீரையா இலையோடு உருண்டையைக் கொண்டுவந்து வைத்தான். உமையாளை ஆள் விட்டு அழைத்தார்கள். சாணி கரைத்த கையைக் கழுவிவிட்டு அவள் வந்து நின்றாள்.

"ஏத்தா உமையாளு," என்றார் அம்பலம். "ஒம் புருசன் வயித்துல இருந்து இதை எடுத்திருக்காக. நீ இத்தனை வருசமா அவருக்குத் தனியா, ஒனக்குத் தனியாப் பொங்குறே. அவரு சட்டியில கை நனைக்கிறதில்ல. என்ன காரணம்னு ஊருக்குத் தெரியணும்ல?"

உமையாள் பொன்னுச்சாமியைப் பார்த்தாள். பல வருஷத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தாள். அவன் கன்னம் ஒட்டியிருந்தது. கை மடியில் கிடந்து துடித்துக்கொண்டிருந்தது. அவன் கண்ணில் இருந்தது பயமல்ல. அவள் மாட்டிக்கொண்டாள் என்ற சந்தோஷம்.

"காரணம் அவருக்குத் தெரியும். கூழுச்சட்டியை ஒதைச்ச காலுக்கும் தெரியும்." வீரையா பக்கம் திரும்பினாள். "அண்ணே, இது இடுமருந்துதான?"

"பின்ன என்ன?"

"தின்னா ஆளு உருகிப் போகும்?"

"ஊரே பாக்குதுல்ல, மச்சான் உருகிக் கெடக்குறதை."

அவள் குனிந்து உருண்டையை எடுத்தாள். யாரும் தடுக்க நினைப்பதற்குள் வாயில் போட்டு மென்றாள். கூட்டத்தில் ஒரு பெண் "ஐயையோ!" என்று கத்தினாள். உமையாள் நிதானமாக மென்று முழுங்கி, பல்லிடுக்கில் சிக்கிய மயிரை இழுத்துக் கீழே போட்டாள்.

"கருப்பட்டி. கொஞ்சம் புளி. கலருக்கு அடுப்புக்கரி போட்டிருக்கான். செஞ்சவனுக்குக் கைப்பக்குவம் பத்தல."

இளவட்டங்கள் சிரித்துவிட்டார்கள். அம்பலத்துக்கே மீசை ஆடியது. பொன்னுச்சாமி எழுந்து நின்று, நடுங்குகிற கையை அவள் பக்கம் நீட்டினான்.

"சிரிக்காதீகடா! வச்சவளுக்கு அது ஏறாது. அதான் தைரியமாத் திங்கிறா."

சிரிப்பு நின்றது. அப்படியும் இருக்குமோ என்று சில முகங்கள் மாறின. பொறுத்திருந்து பார்ப்போம் என்று கூட்டம் கலைந்தது. அடுத்தடுத்த நாட்களில் ஊர் அவள் சாவாளா என்று பார்த்துக்கொண்டிருந்தது. அவள் வழக்கம்போலத் தண்ணீர் எடுத்தாள், மாடு கறந்தாள். ஆனால் மோர் வாங்க வருகிற பெண்கள் வரவில்லை. கறந்த பாலையும் கடைந்த மோரையும் அவள் மாட்டுத் தொட்டியில் ஊற்ற வேண்டியிருந்தது. அதுதான் அவளை உள்ளே அறுத்தது. அவனை அவள் வெறுத்தது நிஜம். அவன் மெலிவதைப் பார்த்து மனசுக்குள் சந்தோஷப்பட்டதும் நிஜம். ஆனால் சோற்றில் மருந்து வைத்தவள் என்ற பேர் அவள் சம்பாதித்ததல்ல.

பொன்னுச்சாமி இப்போது அவள் சமையலைத் தொடுவதில்லை. தங்கை வீட்டிலிருந்து வெறும் சோற்றுக் கஞ்சி வரும். காலையில் குளிகை, அப்புறம் நாள் முழுக்கப் பேதி. உடம்பில் பிடி தளரத் தளர, மருந்து இறங்குகிறது என்று வீரையா சொன்னான். பொட்டலம் தீர்ந்ததும் இன்னொன்று வாங்கி வந்தான்.

ஒரு காலை உமையாள் தொழுவத்தில் சாணி வாரிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ஏதோ உருண்டு விழுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். பொன்னுச்சாமி தரையில் கிடந்தான். விரல்கள் உள்ளுக்கு மடங்கி விறைத்திருந்தன. முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. உடம்பு வெட்டி வெட்டித் துள்ளியது. வாசலில் நின்ற வீரையா, "நான் பரமக்குடிக்குப் போயி மகளைக் கூட்டியாறேன்" என்று சொல்லிக்கொண்டே நழுவினான்.

'போய்த் தொலையட்டும்' என்றுதான் உமையாளுக்கு முதலில் தோன்றியது. தோன்றியதை அவள் விரட்டவும் இல்லை. அந்த இடத்திலேயே நின்றாள். பிறகு அடுத்த யோசனை வந்தது. இவன் இப்போது செத்தால் இவனைக் கொன்றவள் என்றுதான் இந்த ஊர் தன்னைப் புதைக்கும்.

"ஏலே செல்லச்சாமி! மாட்டைப் பூட்டுடா!" என்று பண்ணையாளைக் கூப்பிட்டாள்.

வண்டியில் வைக்கோலைப் பரப்பி அவனைக் கிடத்தினார்கள். தலை இடிக்காமல் இருக்கத் தவிட்டுச் சாக்கை வைத்தாள். மடியில் வைத்துக்கொள்ளவில்லை. ராமநாதபுரம் போகிற வழி முழுக்க அவனுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. ஒருதரம் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு, "எங்கடி கொண்டுபோறே, கடல்லயா?" என்றான்.

"ஆமா. பேசாமப் படுங்க."

ஆஸ்பத்திரியில் இருந்தவர் டாக்டர் ஹமீது. கீழக்கரைக்காரர், முன்கோபி. கையில் தண்ணீர் ஏற்ற ஏற்பாடு பண்ணிவிட்டு உமையாளைக் கூப்பிட்டுக் கேள்வி மேல் கேள்வி கேட்டார்.

"என்ன சாப்பிடுவாரு?"

"மில்லு அரிசிச் சோறு. ரசம். அப்பளம்."

"கீரை, பயறு?"

"ஆடு திங்கிறது, குதிரை திங்கிறதும்பாரு."

"குடி உண்டா?"

"அதான் முக்கியச் சாப்பாடு."

"பேதி எத்தனை நாளா?"

குளிகைக் கதையைச் சொன்னாள். ஹமீதுக்கு முகம் சிவந்தது. "ஒரு வயசான மனுசனை உள்ளேருந்து கழுவிக் கழுவி ஊத்தியிருக்கீங்க! இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா நேரா மையவாடிதான்."

"நான் ஊத்தல. ஊத்துனவன் பரமக்குடிக்குப் போறேன்னு ஓடிட்டான்."

முதலில் சுண்ணாம்புச் சத்து ஊசி போட்டார்கள். வலிப்பு சற்று அடங்கி மறுபடி வந்தது. மறுநாள் ஹமீது வேறொரு ஊசி போட்டார். தொடையில் போட்டதும் பொன்னுச்சாமி ஆஸ்பத்திரி அதிரக் கத்தினான். ஆனால் மாலைக்குள் வெட்டு குறைந்தது. அடுத்தடுத்து அதே ஊசி போட்டபின் மடங்கியிருந்த விரல்கள் நீண்டன. கைநடுக்கம் தணிந்தது. இடையில் ஒருநாள், வெகுநாளைக்குப் பிறகு, கண் அசந்து தூங்கினான்.

எழுந்ததும் முதல் வேலையாகச் சண்டை பிடித்தான். "எனக்கு என்னத்தைக் குத்துறீக?"

"மக்னீசியம்னு ஒரு உப்பு. கடையில பேதி உப்புன்னு விக்கிறதுல இருக்கிறதுதான்."

"பேதி உப்பா!" பொன்னுச்சாமி எழுந்து உட்கார்ந்துவிட்டான். "பேதியிலயே சாகக் கெடந்தவனுக்குப் பேதி உப்பா? இவ காசு குடுத்தாளா ஒமக்கு?"

"அதை அள்ளித் தின்னா வயிறு போகும். ஊசியில அளவாப் போட்டா உள்ள நிக்கும். சத்தம் போடாமக் கேளுங்க." ஹமீது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இது ஒடம்புக்கு வேண்டிய சத்து. நரம்பு அடங்கி நிக்க, சதை இழுத்தா மறுபடி விட்டுக் குடுக்க, நெஞ்சு ஒழுங்கா அடிக்க, எல்லாத்துக்கும் வேணும். வயசாக ஆகக் குடல் இதைக் கம்மியாத்தான் எடுக்கும், இருக்கிறதும் சிறுநீர்ல போயிரும். தீட்டாத தானியத்துல இருக்கு, கீரையில இருக்கு, கொள்ளு, எள்ளு, கடலையில இருக்கு. நீங்க அரிசியில இருந்ததைத் தீட்டி மாட்டுக்குப் போட்டீங்க. கீரையை ஆட்டுக்கு விட்டீங்க. மிச்சத்தைச் சாராயம் கொண்டுபோச்சு. அதுக்கும் மேல இந்தப் பேதி."

"அப்ப இடுமருந்து?"

"எந்த மருந்தும் இல்ல. நீங்களே உங்களைக் கெடுத்துக்கிட்டீங்க. இந்தச் சத்தைப் பத்தி இப்பத்தான் பெரிய டாக்டர்களே எழுத ஆரம்பிச்சிருக்காங்க, எனக்கும் முழுசாத் தெரியும்னு சொல்லமாட்டேன். ஆனா உங்க வலிப்பு எதுல நின்னுச்சுன்னு கண்ணால பாத்தேன்." உமையாளைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க என்னம்மா சாப்பிடுறீங்க?"

"குதிரவாலிக் கஞ்சி. கேப்பைக் களி. கொல்லையில வார கீரையைப் புடுங்கிக் கடைஞ்சுக்கிருவேன்."

"இனிமே இவருக்கும் அதையே போடுங்க."

"முடியாது."

ஹமீது நிமிர்ந்து பார்த்தார்.

"அவரு கேட்டதைப் பொங்கிப் போட்டதுக்கே ஊரைக் கூட்டி எனக்குக் கொலகாரிப் பட்டம் கட்டுனாரு. எஞ்சட்டியில இருக்கிறதைக் குடுத்து, நாளைக்கு வயித்துவலின்னா? அதே பிள்ளையார் கோயில் முன்னால நின்னு, இவ ஒண்ணும் வைக்கலன்னு அவரு வாயால சொல்லட்டும். அப்பறம் பாப்போம்."

"ஒங்கிட்டக் கையேந்துறதுக்கு நான் செத்துப்போவேன்டி!" என்றான் பொன்னுச்சாமி.

"சாகத்தான் கெடந்தீக. நாந்தான் வண்டி பூட்டிக் கொண்டாந்தேன்."

"இது உங்க குடும்ப வழக்கு" என்று ஹமீது எழுந்துகொண்டார். போகும்போது, "குடிச்சா மறுபடி இங்கதான் வருவீங்க" என்று மட்டும் சொன்னார்.

ஊர் திரும்பிய பொன்னுச்சாமி தங்கை வீட்டில் போய் உட்கார்ந்தான். தங்கை கேப்பைக் களி கிண்டினாள். அது கட்டி கட்டியாக, உள்ளே வேகாத மாவாக இருந்தது. அவளுக்குப் பழக்கமில்லை, அவர்களும் மில் அரிசிக்கு மாறி வெகுகாலம். நாலு நாள் ஆனதும் வீரையா முகத்தைச் சுளித்தான். மச்சான் பிழைத்து வந்தது அவனுக்குப் பிடிக்கவில்லை, அதை மறைக்கவும் தெரியவில்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "எத்தன நாளைக்கு இங்கன இருக்கப் போறீக?" என்றே கேட்டுவிட்டான். பொன்னுச்சாமி பாதிச் சாப்பாட்டில் எழுந்தான். வாரத்துக்கு விட்ட நிலத்தை அன்றே திருப்பி வாங்கிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து தானே குதிரைவாலியை உரலில் போட்டுக் குத்தினான். பாதி வெளியே சிதறியது. மீதி உமியோடு வெந்து தொண்டையில் குத்தியது. உமையாள் கொல்லையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் பக்கம் திரும்பவில்லை. இதற்குள் கெண்டைக்கால் சதை மறுபடி லேசாகச் சுருட்ட ஆரம்பித்திருந்தது. அவனுக்குப் பயம் வந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில் பூசை முடிந்து ஆட்கள் நின்றிருந்தார்கள். பொன்னுச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அம்பலத்தின் முன்னால் போய் நின்றான். உமையாளும் வந்திருந்தாள்.

"மருந்து ஒண்ணுமில்லன்னு டாக்டரு சொல்லிட்டாரு" என்றான்.

"டாக்டரு சொன்னது இருக்கட்டும்" என்றாள் உமையாள். "நீங்க சொல்லுங்க."

அவன் அவளை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தான். தாடை அசைந்தது. ஊரே வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"வைக்கல. இவ ஒண்ணும் வைக்கல. போதுமா?"

காறித் துப்பிவிட்டு நடந்தான். மன்னிப்பு அவன் கேட்கவில்லை. அவளும் அதை எதிர்பார்த்து வரவில்லை. வீட்டுக்குப் போய் உள் அடுப்பை இடித்துப் போட்டாள். மதியம் கொல்லை அடுப்பிலிருந்து ஒரே சட்டிக் கஞ்சியை இரண்டாக ஊற்றி, கடைந்த கீரையும் கொள்ளுத் துவையலும் வைத்து, அவன் பங்கை அவன் முன்னால் வைத்தாள். அவன் தொடுவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு வாய் அள்ளித் தன் வாயில் போட்டுக் காட்டிவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். ஒவ்வொரு வேளையும் அப்படியே செய்தாள். அது அவனுக்கு அவமானமாக இருந்தது. அதற்காகத்தான் செய்தாள்.

மோர் வாங்குகிறவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். முதலில் வந்தவளிடம் உமையாள், "சொம்பை மோந்து பாத்துக்க, மருந்து கெடந்தாலும் கெடக்கும்" என்றாள். அவள் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிப் போனாள்.

பொன்னுச்சாமி குடியை ஒரேயடியாக விடவில்லை. இரண்டுதரம் காட்டுக்குள் போய்வந்தான். இரண்டாவதுதரம் கால் சுருட்டிக்கொண்டு பாதி வழியில் விழுந்து கிடந்து, செல்லச்சாமி தூக்கிவந்தான். அதோடு விட்டான். வருஷம் போகப் போக உடம்பு தேறியது. கைநடுக்கம் நின்றது. கையெழுத்தை அவனே போட்டான். கோபம்கூடத் தணியும் என்று அவன் தங்கை எதிர்பார்த்தாள். அது தணியவில்லை. முன்பு முனகினவனுக்கு இப்போது கத்தத் தெம்பு வந்திருந்தது. களியில் உப்புக் கூட என்பான். கீரையில் மண் என்பான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அன்று பட்டினி. மறுநாள் அதே உப்போடு சாப்பிடுவான்.

எழுபதை நெருங்கிய ஒரு மார்கழியில், திருவாதிரைக்கு இருவரும் உத்தரகோசமங்கைக்கு நடந்தே போனார்கள். அவன் பாதையின் ஒரு ஓரத்தில், அவள் மறு ஓரத்தில். அவளோடு சேர்ந்து போவதாக யாரும் நினைத்துவிடக் கூடாதென்று அவன் நடையை எட்டிப் போட்டான். அவனை முன்னால் விட அவளுக்கும் மனசில்லை. கூட வந்த இளவட்டங்கள் மூச்சு வாங்கிப் பின்தங்கிவிட்டார்கள். கிழவனும் கிழவியும் வியர்க்க விறுவிறுக்கக் கோபுர வாசலில் போய் நின்றார்கள்.

"நாந்தான் மொதல்ல வந்தேன்" என்றான் அவன்.

"கண்ணு அவிஞ்சு போச்சா?" என்றாள் அவள்.

சாமி கும்பிட்டு வீடு திரும்புகிறவரை அந்தச் சண்டை நடந்தது.